நீச்சல்குளம், ஸ்பா ரிப்பேருக்கு நம்பி அழைக்கக்கூடிய ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: நீலப்படிக்கட்டு

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் வாங்கிய வீட்டோடு ஒரு நீச்சல்குளமும், அதையொட்டியே நாலு பேர் உட்காருகிற மாதிரி ஒரு ஸ்பாவும் வந்தன. இரண்டுக்கும் சேர்த்து ஒரே பம்ப், ஒரே மணல் ஃபில்டர், கேஸில் ஓடும் ஒரு ஹீட்டர். குளம் பிள்ளைகளுக்கு, ஸ்பா அம்மாவுக்கு. அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். சாயங்காலம் வெந்நீரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்தால் அன்று ராத்திரி வலியில்லாமல் தூங்குகிறார். அதனால் ஸ்பா நின்றுபோனதை என்னால் சும்மா விட முடியவில்லை.

பிரச்சினை இதுதான். பம்பின் கண்ணாடி மூடிக்குள் எப்போதும் காற்றுக் குமிழி ஓடிக்கொண்டே இருக்கிறது, கூடை முழுதாக நிரம்புவதே இல்லை. ஹீட்டர் பற்றிக்கொள்கிறது, சில நிமிடத்தில் தானாக அணைந்துவிடுகிறது. குளத்தில் தண்ணீரும் குறைகிறது, அடிக்கடி ஹோஸைப் போட்டு நிரப்புகிறோம்.

முதலில் வந்தவர் பம்ப் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு "மோட்டார் போச்சு" என்றார். புது மோட்டார் போட்டார், காசு வாங்கினார், போய்விட்டார். குமிழி அப்படியே இருக்கிறது. மறுபடி அழைத்தால் எடுப்பதில்லை. அடுத்து வந்தவர் ஹீட்டரையும் ஃபில்டரையும் மொத்தமாக மாற்றச் சொல்கிறார், அதுவும் பெரிய பம்ப்போடு. இரண்டு பேருமே பேச்சில் கெட்டிக்காரர்கள். எனக்கு இந்த வேலை தெரியாது. தெரியாதவன் ஒரு டெக்னீஷியனை எதை வைத்து எடைபோடுவது? யாரை அழைப்பது, என்ன கேட்பது?

பதில்: இரண்டாம்மாடி

உங்கள் பம்ப், ஹீட்டர் எந்தக் கம்பெனியோ அவர்களிடம் அங்கீகரித்த சர்வீஸ் ஆட்களின் பட்டியல் இருக்கும். அங்கிருந்து தொடங்குங்கள். வாரன்டி மிச்சமிருந்தால் வெளியாள் கை வைத்தாலே அது போய்விடும் என்ற நிபந்தனையும் சில சமயம் இருக்கும், கார்டை எடுத்துப் படித்துவிடுங்கள். அப்புறம், நீச்சல்குளச் சாமான் விற்கிற கடையின் கவுன்ட்டரில் பேச்சுக் கொடுங்கள். தண்ணீர் கசியாமல் அடைக்கிற ஓ-ரிங் (ரப்பர் வளையம்), சீல், கேஸ்கெட் என்று சின்னச் சின்ன பாகமாக வந்து வாங்கிப் போகிற மெக்கானிக் யார் என்று அவர்களுக்குத் தெரியும். சின்ன பாகம் வாங்குகிறவர் ரிப்பேர் செய்கிறவர். முழு பம்ப்பாகவே வாங்குகிறவர் மாற்றுகிறவர்.

பதில்: பம்ப்ரூம்

நான் நெடுநாள் ஒரு தங்கும் விடுதியில் குளம், ஸ்பா இரண்டின் பம்ப் அறையையும் பார்த்துக்கொண்டவன். வெளியிலிருந்து எத்தனையோ டெக்னீஷியன்கள் வந்து போயிருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்த அனுபவத்தில் சொல்கிறேன். நல்ல ஆள் எதையும் அளந்து பார்க்காமல் ஒரு பாகத்தின் பெயரையும் வாயில் எடுக்க மாட்டார். நாடி பிடிக்காமல் மருந்து எழுதுகிற வைத்தியரிடம் உடம்பைக் கொடுப்பீர்களா? அதேதான். மற்ற அடையாளமெல்லாம் இதற்குப் பிறகுதான்.

உங்கள் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். மூடிக்குள் குமிழி என்றால், தண்ணீர் பம்புக்கு வந்து சேருகிற வழியில் எங்கோ காற்று உள்ளே போகிறது. அந்த வழியில் பம்ப் உறிஞ்சுகிறது. அதனால் ஓட்டை இருந்தால் ஓடும்போது தண்ணீர் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். மோட்டார் என்பது சுற்றுகிற பொருள், அவ்வளவுதான். சுற்றிக்கொண்டிருந்த மோட்டாரைக் கழற்றி இன்னொன்று போட்டால் குமிழி எப்படி நிற்கும்? காற்று கலந்தால் ஓட்டம் குறையும். ஓட்டம் குறைந்தால் ஹீட்டருக்குள் இருக்கும் பிரஷர் ஸ்விட்ச் தீயை அணைத்துவிடும். அணைக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் ஓடாத குழாய் வெந்துபோகும். ஆக உங்கள் ஹீட்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது என்று நினைக்கிறேன். அதை மாற்றச் சொன்னவர் ஃபில்டரின் பிரஷர் கேஜைப் பார்த்தாரா? வந்தவர் யாராவது அந்த ஸ்விட்சை ஒயர் போட்டு ஷார்ட் பண்ணி "இப்ப எரியுது பாருங்க" என்று காட்டினால் உடனே ஹீட்டரை அணைத்து, அவரை அனுப்பிவிடுங்கள். சோதனைக்காக ஒரு நொடி செய்து பார்ப்பது வேறு, அப்படியே விட்டுப் போவது வேறு.

ஸ்கிம்மர் (குளத்தின் ஓரத்தில் மேல்மட்டத் தண்ணீரை இழுக்கும் திறப்பு) வாயின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்வேன். அதற்குக் கீழே இறங்கினால் சுழல் விழுந்து காற்று நேராக உள்ளே போகும். தண்ணீர் சரியாக இருந்தும் குமிழி வந்தால் பம்ப் மூடியின் ஓ-ரிங், பம்பின் வடிகால் திருகு, குழாயை இணைக்கும் யூனியன், வால்வுக் கைப்பிடியின் அடியில் இருக்கும் ஓ-ரிங் என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. பம்ப் ஓடும்போது சந்தேகப்படும் இணைப்பைச் சுற்றி ஷேவிங் நுரையைப் பூசுவார்கள். ஓட்டை இருக்கிற இடத்தில் நுரை உள்வாங்கி ஒரு சின்னப் பள்ளம் விழும். நான் பார்த்த நல்ல டெக்னீஷியன் ஒருவர் பையில் ஸ்பேனருக்குப் பக்கத்திலேயே நுரை டப்பா வைத்திருப்பார். மோட்டாரை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வால்வு தண்டில் பள்ளம் விழுந்த இடத்தை விரலால் காட்டினார், கழற்றினார், வெடித்துப்போன ரப்பர் வளையத்தை என் கையில் கொடுத்தார், சிலிக்கான் கிரீஸ் தடவிப் புதியதைப் போட்டார். சிலிக்கான் கிரீஸ் என்பதையும் கவனியுங்கள். பெட்ரோலிய ஜெல்லி தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். ரப்பருக்கு அது ஆகாது, நாளடைவில் ஊதிக் கெட்டுவிடும்.

மோட்டார் மாற்றியவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. புது சீல் போட்டாரா? மோட்டார் தண்டைச் சுற்றி உட்காரும் அந்த சீலுக்கு இரண்டு பாதி. ஒன்று பீங்கான் முகம், மற்றது கார்பன் முகம். இரண்டும் கண்ணாடி மாதிரி வழவழப்பாக ஒன்றோடொன்று உரசி நிற்பதால்தான் தண்ணீர் கசியாது. அதன் முகத்தில் விரல் படக்கூடாது, கை எண்ணெய் பட்டாலே பாழ். தெரிந்தவர் சுத்தமான துணியால் பிடித்துத்தான் உள்ளே அழுத்துவார். பழைய சீலையே திரும்ப மாட்டினால் சில மாதத்தில் கசிந்து, அந்தத் தண்ணீர் புது மோட்டாரின் முன் பேரிங்குக்குள் இறங்கி, மோட்டார் கிறீச்சிட ஆரம்பிக்கும். பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவே கீழே தரை ஈரமாக இருக்கிறதா என்று இன்றைக்கே குனிந்து பாருங்கள்.

இனி தண்ணீர் குறைவது. இதற்கு டெக்னீஷியன் வருமுன்னே நீங்களே ஒரு சோதனை செய்துவிடலாம். ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரை நிரப்பி குளத்தின் படிக்கட்டில் வையுங்கள், மிதக்காமல் உள்ளே ஒரு கல்லைப் போடுங்கள். வாளிக்கு உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் மட்டத்தில் கோடு போடுங்கள். 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது வெயிலும் காற்றும் குடித்தது. குளம் அதிகமாக இறங்கியிருந்தால் கசிவு. தானாக நிரப்பும் குழாய் இருந்தால் அதை மூடிவிட்டுச் செய்ய வேண்டும், மழை நாளில் செய்யக்கூடாது. பம்பை ஓடவிட்டு ஒரு நாள், நிறுத்திவைத்து ஒரு நாள் செய்யுங்கள். ஓடும்போது மட்டும் அதிகமாகக் குறைந்தால் பம்புக்கு அப்புறம் உள்ள குழாயில்தான் கோளாறு. பம்ப் ஓடும்போது மணல் ஃபில்டரின் கழிவுக் குழாய் வெளியே போகும் இடத்தையும் பாருங்கள். ஃபில்டர் கைப்பிடி வால்வுக்குள் ஆரக்கால் மாதிரி ஒரு கேஸ்கெட் இருக்கும். அது தேய்ந்தால் பேக்வாஷ் (தண்ணீரைத் தலைகீழாக ஓடவிட்டு மணலைக் கழுவுவது) செய்யாதபோதும் தண்ணீர் ஒழுகிப் போய்க்கொண்டே இருக்கும். குளமே உடைந்துவிட்டதாக நினைத்துக் கலங்குகிறவர்கள் பலருக்கு இது சொட்டுச் சொட்டாகப் போன தண்ணீர்தான்.

இந்த வாளிக் கணக்கை போனில் சொல்லிப் பாருங்கள். "பம்ப் ஓடும்போதா, நின்றிருக்கும்போதா?" என்று திருப்பிக் கேட்கிறவர் வேலை தெரிந்தவர். கேஜ் எவ்வளவு காட்டுகிறது, ஃபில்டர் மணலா கார்ட்ரிட்ஜா, எப்போதிருந்து இப்படி, அதற்கு முன் யாராவது எதையாவது திறந்தார்களா என்று கேட்கிறவரை விட்டுவிடாதீர்கள். எதுவும் கேட்காமல் விலை சொல்கிறவர் வேண்டாம்.

நீங்களும் கேளுங்கள். "மோட்டார் முனகுகிறது, சுற்றவில்லை, முதலில் எதைப் பார்ப்பீர்கள்?" என்று கேட்டால், நல்ல ஆள் வோல்டேஜ் வருகிறதா, கெப்பாசிட்டர் இருக்கிறதா செத்ததா, தண்டு கையால் சுற்றுகிறதா என்று சொல்வார். கெப்பாசிட்டர் ஒரு சின்ன உருளை. அது போனதற்கு மோட்டாரையே தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. "கசிவைப் பார்க்கக் குளத்தை முழுக்க வடிக்கலாமா?" என்றும் கேளுங்கள். "வடிச்சிடலாம் சார்" என்று சட்டென்று சொன்னால் பயப்படுங்கள். நிலத்தடி நீர் மேலே இருக்கும் காலத்தில் குளத்தை வெறுமையாக்கினால் கீழிருந்து நீர் தள்ளி முழுத் தொட்டியும் மேலே எழும்பிவிடக்கூடும், கான்கிரீட்டாக இருந்தாலும் சரி. குழாய்க் கசிவுக்கு இரு பக்கமும் அடைப்பு வைத்து அழுத்தம் கொடுத்துப் பார்க்கலாம், விரிசலுக்குச் சாயம் விட்டுப் பார்க்கலாம். அதற்குக் குளத்தை வடிக்கத் தேவையே இல்லை.

பெரிய பம்ப் போடச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ஃபில்டரும் குழாயும் தாங்குகிற ஓட்டத்துக்கு மேல் தள்ளினால் மணல் சரியாகச் சலிக்காது, கரண்டும் வீண். உண்மையில் பம்ப் மாற்ற வேண்டிய காலம் வந்தால் வேகம் மாற்றக்கூடிய பம்பைப் பற்றிக் கேளுங்கள். வேகத்தைப் பாதியாக்கினால் அது இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ எட்டில் ஒன்றாக இறங்கும். மெதுவாக நிறைய நேரம் ஓடவிடலாம். ஃபில்டரை மாற்றச் சொன்னதற்கும் காரணம் கேளுங்கள். சுத்தமான ஃபில்டரில் கேஜ் காட்டும் அளவிலிருந்து 8 முதல் 10 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) ஏறினால் பேக்வாஷ் செய்ய வேண்டும், அவ்வளவே. மணல் பழசானால் மணலை மாற்றலாம். உள்ளே இருக்கும் சிறு குழல் உடைந்தால் மணல் குளத்தின் அடியில் வந்து படியும். அப்போதும் குழலை மாற்றலாம்.

சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை. சிபிஓ (சர்டிஃபைட் பூல் ஆபரேட்டர்) என்று ஒன்று பல நாடுகளில் செல்லும், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வைத்திருந்தால் நல்லது, தண்ணீர்ப் பராமரிப்பு தெரிந்தவர் என்று அர்த்தம். ஆனால் அது மின்சார வேலைக்கோ கேஸ் வேலைக்கோ உரிமம் ஆகாது. உங்கள் ஹீட்டரின் பர்னரைத் திறக்க வேண்டி வந்தால் கேஸ் உரிமம் உள்ளவர்தான் திறக்க வேண்டும். வாராவாரம் வந்து இலை அள்ளி குளோரின் போடுகிறவர் நல்ல மனிதராக இருக்கலாம், அதற்காக அவரிடம் சீல் மாற்றச் சொல்ல வேண்டாம்.

பழைய வாடிக்கையாளரிடம் விசாரிக்கும்போது "வேலை நல்லா செஞ்சாரா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். "அதே கோளாறு திரும்ப வந்ததா, கூப்பிட்டதும் வந்தாரா?" என்று கேளுங்கள்.

பதில்: எர்த்ஒயர்

நான் மின்சார வேலை செய்பவன். பம்ப்ரூம் ஐயா சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன், அம்மா உட்காரும் ஸ்பா என்பதால்.

ஸ்பா லைனில் கசிவு மின்சாரத்தைப் பிடித்து அணைக்கும் பிரேக்கர் கட்டாயம் இருக்க வேண்டும். வீடுகளில் பொதுவாக 30 மில்லி ஆம்பியர் அல்லது அதற்கும் குறைவான அளவில் விழுவது போடுவார்கள். அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் டக்கென்று விழ வேண்டும். மாதம் ஒருமுறை நீங்களே அழுத்திப் பாருங்கள். அது அடிக்கடி விழுகிறது என்று புகார் சொன்னால், நல்ல டெக்னீஷியன் பம்ப், காற்றடிக்கும் புளோயர், விளக்கு என்று ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு எது விழவைக்கிறது என்று தேடுவார். கரண்ட் ஹீட்டர் உள்ள ஸ்பாவில் பெரும்பாலும் ஹீட்டர் காயில்தான் மாட்டும். மோசமான ஆள் பிரேக்கரையே தாண்டி ஒயரை இழுத்துவிடுவார். அப்படிச் செய்தவரை மன்னிக்கவே கூடாது, தண்ணீருக்குள் உட்கார்ந்திருப்பவர் உயிர் அது.

ஏணி, கைப்பிடி, பம்ப் உடல், ஹீட்டர் உடல் எல்லா உலோகமும் ஒரு தாமிர ஒயரால் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். மோட்டார் மாற்றும்போது அந்த ஒயரைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டாமல் போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் புது மோட்டாரின் அடியில் அந்தத் தனி ஒயர் முடுக்கியிருக்கிறதா என்று பாருங்கள், தொட வேண்டாம், பார்த்தால் போதும். கைப்பிடியைத் தொடும்போது யாருக்காவது சுருக்கென்றால் எல்லோரும் வெளியே, மெயினை அணைத்துவிட்டு மின்சார ஆளை அழைக்க வேண்டும்.

பதில்: வெந்நீர்

அம்மா பயன்படுத்துகிறார் என்பதால் நானும் எழுதுகிறேன். என் மாமியாருக்காக வைத்திருக்கும் ஸ்பாவைச் சில காலமாகப் பார்த்துக்கொள்கிறேன்.

ரிப்பேருக்காக நாள்கணக்கில் நின்ற ஸ்பாவில் குழாய்களுக்குள் பழைய தண்ணீர் தேங்கி நிற்கும். வெதுவெதுப்பில் லெஜியோனெல்லா என்ற கிருமி நன்றாக வளரும். ஜெட் கிளப்பும் ஆவித்திவலையை மூச்சில் இழுத்தால் நுரையீரலில் தொற்று வரும், வயதானவர்களுக்கு அது ஆபத்து. வேலை முடித்த டெக்னீஷியன் "ஓடுது, உட்காரலாம்" என்று சொல்லிவிட்டுப் போகக்கூடாது. தண்ணீரை மாற்றி, கிருமிநாசினி போட்டு, எல்லா ஜெட்டையும் ஓடவிட்டு, அளந்து காட்ட வேண்டும். ஸ்பாவில் குளோரின் குறைந்தது 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் மூன்று பங்கு) இருக்க வேண்டும், வெந்நீரில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். பிஎச் 7.2 முதல் 7.8 வரை. வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது. பிரஷர், இதய மாத்திரை எடுப்பவர் என்றால் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, அடியில் தண்ணீர் உறிஞ்சும் வாயின் மூடி. அது உடைந்திருந்தாலோ திருகு கழன்றிருந்தாலோ உறிஞ்சும் வேகத்தில் முடியோ உடம்போ ஒட்டிக்கொள்ளும், பெரியவர்களாலேயே இழுத்து விடுவிக்க முடியாது. 2002-இல் அமெரிக்காவில் விர்ஜினியா கிரேம் பேக்கர் என்ற ஏழு வயதுச் சிறுமி ஸ்பாவில் இப்படித்தான் இறந்தாள். அவள் பெயரிலேயே 2007-இல் அங்கே வடிகால் மூடிகளுக்குச் சட்டம் வந்தது. இந்த மூடிகளுக்கு ஆயுள் காலம் உண்டு, முடிந்தால் மாற்ற வேண்டும். நீங்கள் சொல்லாமலே குனிந்து அந்த மூடியைப் பார்க்கிற டெக்னீஷியன் கிடைத்தால் அவர் நம்பரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளும் இறங்குகிற குளம் என்கிறீர்களே.

கேட்டவரின் பதில்: நீலப்படிக்கட்டு

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வாளிச் சோதனை செய்தேன், பம்ப் ஓடிய நாளில்தான் தண்ணீர் அதிகமாக இறங்கியது. கழிவுக் குழாய் வாயில் தண்ணீர் நூல் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் அந்தப் பக்கம் செடி மறைத்திருந்தது.

சாமான் கடையில் விசாரித்து, ரிப்பேர் செய்யும் ஒரு பெண்ணின் நம்பர் கிடைத்தது. போனில் எடுத்தவுடன் கேஜ் எவ்வளவு என்றுதான் கேட்டார். நேரில் வந்ததும் நுரை எடுக்கவில்லை, ஒரு மக்கில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, ஓடும் பம்பின் இணைப்புகளில் ஒவ்வொன்றாக ஊற்றிக்கொண்டே கண்ணாடி மூடியைப் பார்த்தார். குளம், ஸ்பா இரண்டையும் மாற்றிவிடும் வால்வின் கைப்பிடியில் ஊற்றியதும் குமிழி நின்றது. தண்ணீர் வடிந்ததும் மறுபடி ஆரம்பித்தது. என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். வால்வு ஓ-ரிங்கும் ஃபில்டர் கேஸ்கெட்டும் மாற்றினார். ஹீட்டர் இப்போது அணையாமல் ஓடுகிறது. அந்தத் தாமிர ஒயர் உண்மையிலேயே கழன்று தொங்கிக்கொண்டிருந்தது, அதற்கு மின்சார ஆளைத் தனியாக வரச் சொல்லியிருக்கிறேன். அவர் வந்து பார்க்கும்வரை யாரையும் இறக்கவில்லை.

ஒரே சந்தேகம். மோட்டார் மாற்றியவர் பழைய சீலையே போட்டிருக்கலாம் என்கிறார் இவர், அடியில் லேசான ஈரம் இருக்கிறது. இப்போதே பிரிக்கலாமா, இன்னும் கசியட்டும் என்று விடலாமா?

பதில்: பம்ப்ரூம்

நல்ல ஆள் கிடைத்திருக்கிறார், விடாதீர்கள். சீலை இப்போதே மாற்றச் சொல்லுங்கள். ஈரம் பேரிங்குக்குள் இறங்கிவிட்டால் புது மோட்டாரும் போய்விடும். சீல் சின்னப் பொருள், அவருக்கு ஒரு காலை வேலை. கழற்றும்போது இம்பெல்லரில் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) கல், நார் ஏதாவது சிக்கியிருக்கிறதா என்றும் பார்த்துவிடச் சொல்லுங்கள். மாற்றிய பாகத்தின் பெயரும் தேதியும் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய சீலையும் கேட்டு வாங்கிவிடுங்கள். கார்பன் முகத்தில் கோடு விழுந்திருந்தால் முதலில் வந்தவர் என்ன செய்தார் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.